போஸ்னியாவைச் சேகரிக்க எது சரி: நாணயமா, நோட்டா, ஸ்டாம்பா?

நாடுவாரியாகப் பணம் சேர்ப்பவர்கள் பால்கன் பக்கம் வந்ததும் கொஞ்சம் திணறுவார்கள். ஸ்லோவேனியா 2007-இலேயே யூரோவுக்குப் போய்விட்டது. குரோவேஷியா 2023 ஜனவரியில் தன் பணமான குனாவுக்கு விடைகொடுத்தது. மாண்டினீக்ரோவும் கொசோவோவும் சொந்தப் பணம் அச்சடிக்காமல் யூரோவிலேயே காலம் தள்ளுகின்றன. சொந்தப் பணத்தை இன்னும் விடாத சில நாடுகளில் போஸ்னியா-ஹெர்சகோவினாவும் ஒன்று. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: கையில் இருப்பது சிறு தொகை, அதை நாணயத்தில் போடுவதா, நோட்டிலா, ஸ்டாம்பிலா? சிலருக்கு நான்காவதாக ஒரு ஆசையும் இருக்கிறது: 1992-க்குப் பிந்தைய போர்க்காலக் காகிதப் பணம்.

வேறு நாடாக இருந்தால் "உங்களுக்குப் பிடித்ததைச் சேருங்கள்" என்று சொல்லி முடித்துவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. நாணயத்தில் போஸ்னியா ஒரே நாடாக இருக்கிறது, நோட்டில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, ஸ்டாம்பில் மூன்றாகிவிடுகிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் ஆல்பத்தில் வேறு வேறு நாடு உருவாகும்.

முதலில் நாட்டின் அமைப்பு

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகர விமானப்படைத் தளத்தில் பேசி முடித்து, டிசம்பர் 14 அன்று பாரிசில் கையெழுத்தாகிப் போரை முடித்துவைத்த ஒப்பந்தம்தான் இன்றைய போஸ்னியாவின் அடித்தளம். அதன் நான்காவது இணைப்பே நாட்டின் அரசியல் சாசனம். அதன்படி நாட்டுக்குள் இரண்டு ஆட்சிப் பகுதிகள்: சுமார் 51 விழுக்காடு நிலம் கொண்ட போஸ்னியா-ஹெர்சகோவினா கூட்டமைப்பு, 49 விழுக்காடு கொண்ட, செர்பியர் பெரும்பான்மையான ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா. கூட்டமைப்புக்குள் மறுபடியும் 10 கான்டன்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அரசு. இரண்டு பகுதிகளுக்கும் இடையே சிக்கிய பிர்ச்கோ நகரம் 2000-இல் தனி மாவட்டமானது. உச்சியில் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), குரோவேட், செர்பிய இனங்களுக்கு ஒருவர் வீதம் மூன்று பேர் கொண்ட தலைமைக் குழு. அதன் தலைவர் நாற்காலி எட்டு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கடைக்காரர் "ஃபெடரேஷன் சீரிஸா, ஸ்ர்ப்ஸ்கா சீரிஸா?" என்று கேட்கும்போது முழிக்காமல் இருக்கலாம்.

எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பவை ஐந்து. அந்தப் பொருள் நாட்டின் சின்னங்களையும் பிரிவுகளையும் எவ்வளவு காட்டுகிறது? சேகரிப்பை ஒருநாள் முடிக்க முடியுமா, அல்லது முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்குமா? விலைப்பட்டியலில் தெரியாத செலவு என்ன? போலி எவ்வளவு? நம் ஊர் ஈரப்பதத்தில் தாங்குமா?

மறுவிற்பனை லாபத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதில் எதுவும் முதலீடு கிடையாது. அந்த எண்ணத்தில் வருபவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

நாணயம்

இன்றைய பணத்தின் பெயர் கன்வெர்டிபிள் மார்க், சுருக்கமாக கேஎம். ஒரு மார்க்குக்கு 100 ஃபெனிங். புழக்கத்தில் 5, 10, 20, 50 ஃபெனிங்கும் 1, 2, 5 மார்க்கும் உள்ளன. ஏழும் சேர்ந்தால் 8.85 மார்க், அதாவது நாலரை யூரோ. இந்தப் பட்டியலில் இதைவிட மலிவான வழி இல்லை.

10, 20, 50 ஃபெனிங் 1998-இலும், 1, 2 மார்க் 2000-இலும், 5 ஃபெனிங்கும் 5 மார்க்கும் 2005 ஆண்டு முத்திரையோடும் வந்தவை. ஃபெனிங் காசுகளின் ஒரு பக்கம் நாட்டின் வரைபடத்தின் மேல் மதிப்பு எண், மறுபக்கம் கொடியிலுள்ள முக்கோணமும் நட்சத்திரங்களும். 2, 5 மார்க்கில் சமாதானப் புறா. நாட்டின் பெயர் லத்தீன், செர்பியர்கள் பயன்படுத்தும் சிரிலிக் என இரண்டு எழுத்திலும் இருக்கும். நாடு முழுவதற்கும் ஒரே வடிவம்தான், பகுதிக்கொரு பதிப்பு கிடையாது.

அந்த முக்கோணத்துக்கு ஒரு கதை உண்டு. 1992-இல் நாடு யூகோஸ்லாவியாவிலிருந்து விடுதலை பெற்ற பின் பறந்த கொடியில் மத்தியகால போஸ்னிய அரசர் ட்வர்ட்கோவின் வம்சச் சின்னமான லில்லிப் பூக்கள் இருந்தன. செர்பியர்களும் குரோவேட்டுகளும் அதைத் தங்கள் கொடியாக ஏற்கவில்லை. புதுக் கொடிக்கு நாடாளுமன்றத்திலும் உடன்பாடு வரவில்லை. கடைசியில் 1998 பிப்ரவரியில், சர்வதேசச் சமூகத்தின் உயர் பிரதிநிதியாக இருந்த ஸ்பெயின்காரர் கார்லோஸ் வெஸ்டென்டார்ப் தாமே ஒரு கொடியை அறிவித்துவிட்டார். நாகானோ குளிர்கால ஒலிம்பிக் தொடங்கவிருந்த நேரம், அணி ஏதாவது ஒரு கொடியோடு போயாக வேண்டும். நீலத் துணி, மஞ்சள் முக்கோணம், ஓரத்தில் வெட்டுப்பட்ட இரண்டு அரை நட்சத்திரங்களோடு ஏழு முழு நட்சத்திரங்கள். முக்கோணம் நாட்டின் நில வடிவையும் மூன்று இனங்களையும் குறிக்கிறது என்பார்கள். 1999-இல் ஏற்ற நாட்டுப்பண்ணுக்கு இன்றுவரை அதிகாரப்பூர்வமான வரிகளே இல்லை, வெறும் இசைதான். யாருக்கும் உறுத்தாத சின்னம் வேண்டும் என்று தேடினால் இப்படித்தான் வந்து நிற்கும்.

நாணயத்தில் மறைந்திருக்கும் செலவு தபால்தான். காசின் எடை காரணமாகப் பொருளின் விலையைவிட அனுப்பும் கூலி கூடிவிடும். மற்ற நாடுகளின் காசுகளோடு சேர்த்து ஒரே பொட்டலமாக வாங்கினால் மட்டுமே கணக்கு சரியாக வரும். போலி பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, இவ்வளவு சிறிய மதிப்புக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். பிவிசி உறைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் பச்சைப் பிசுக்கு பிடிக்கும்.

குறை என்னவென்றால், ஏழு காசுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த நாட்டில் ஒரு சச்சரவும் இல்லை என்று தோன்றிவிடும்.

நோட்டு

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1997 ஆகஸ்டில் மத்திய வங்கி செயல்படத் தொடங்கியது. முதல் ஆறு ஆண்டுகளுக்கு வங்கியின் ஆளுநரைச் சர்வதேச நாணய நிதியம் நியமிக்கும், அவர் போஸ்னியராகவோ அண்டை நாட்டவராகவோ இருக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்படித்தான் நியூசிலாந்துக்காரரான பீட்டர் நிகோல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். புதுப் பணம் ஜெர்மன் மார்க்கோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டது. ஜெர்மனி யூரோவுக்கு மாறியதும் அதே விகிதம் 1 யூரோவுக்கு 1.95583 மார்க் என்று நின்றுவிட்டது. ஜெர்மனியில் மறைந்துபோன மார்க்கின் மதிப்பு போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நோட்டுகள் 1998 ஜூனில் வரத் தொடங்கின. ஒரே வடிவத்துக்கு எல்லாரும் தலையாட்டவில்லை. எனவே 200 தவிர ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டு வடிவம் அச்சடித்தார்கள். இரண்டும் நாடு முழுவதும் செல்லும், இரண்டிலும் மத்திய வங்கியின் பெயர்தான் இருக்கும். கூட்டமைப்பு வரிசையில் லத்தீன் எழுத்து முன்னே, ஸ்ர்ப்ஸ்கா வரிசையில் சிரிலிக் முன்னே. படத்தில் இருக்கும் ஆளும் வேறு:

| மதிப்பு | கூட்டமைப்பு வரிசை | ஸ்ர்ப்ஸ்கா வரிசை |
|---|---|---|
| 10 மார்க் | மாக் டிஸ்டார் | அலெக்ஸா ஷான்டிச் |
| 20 மார்க் | அன்டுன் பிராங்கோ ஷிமிச் | பிலிப் விஷ்ணிச் |
| 50 மார்க் | முசா சாஸிம் சாட்டிச் | யோவான் டுச்சிச் |
| 100 மார்க் | நிகோலா ஷோப் | பேதர் கோச்சிச் |
| 200 மார்க் | இவோ ஆன்ட்ரிச் (பொது) | இவோ ஆன்ட்ரிச் (பொது) |

பட்டியலில் ஒரு அரசர் இல்லை, தளபதி இல்லை, கட்சித் தலைவர் இல்லை. எல்லாரும் எழுத்தாளர்கள், பெரும்பாலும் கவிஞர்கள். 20 மார்க்கில் இருக்கும் விஷ்ணிச் கண்பார்வை இல்லாத பாணர், குஸ்லே என்ற நரம்புக் கருவியை மீட்டி வீரக்கதை பாடியவர். ஒரு பாணருக்குப் பண நோட்டில் இடம் கொடுத்த நாடு என்பதற்காகவே எனக்கு இந்த வரிசை பிடிக்கும்.

இருவருக்கும் பொதுவான முகம் இரண்டே. 200 மார்க்கில் 1961-இல் இலக்கிய நோபல் பெற்ற ஆன்ட்ரிச், பின்பக்கம் விஷெகிராடில் ட்ரினா ஆற்றின் மேல் நிற்கும் ஒட்டோமான் காலத்துக் கல்பாலம். இன்னொருவர் நாவலாசிரியர் மேஷா செலிமோவிச், பழைய 5 மார்க் நோட்டின் இரண்டு வரிசையிலும் அவரே. துஸ்லா நகரத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தம்மைச் செர்பிய இலக்கியத்தைச் சேர்ந்தவராகச் சொல்லிக்கொண்டவர். இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடிய ஆள். அந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தால் முகம் ஒன்றுதான், எழுத்தின் வரிசை மட்டும் மாறியிருக்கும். ஆல்பத்தில் ஒரே ஒரு பக்கம்தான் வைக்க முடியும் என்றால் நான் இந்த ஜோடியைத்தான் வைப்பேன். (எழுத்துச் சண்டைக்கு வண்டி நம்பர் பலகையில் வேறொரு தீர்வு கண்டார்கள்: லத்தீனிலும் சிரிலிக்கிலும் ஒரே மாதிரி இருக்கும் ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி ஆகிய எழுத்துகளை மட்டும் பயன்படுத்தினார்கள். வண்டி எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதும் பலகையில் தெரியாது.)

50 ஃபெனிங், 1 மார்க், 5 மார்க் நோட்டுகள் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டவை. இவற்றில் 1 மார்க் ஸ்ர்ப்ஸ்கா நோட்டு தனி ரகம். அதில் ஆன்ட்ரிச் பெயரின் கடைசி சிரிலிக் எழுத்து தவறாக அச்சாகிவிட்டது, உடனே திரும்பப் பெற்றார்கள். அந்த நோட்டைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். முதல் வாங்கலாக அதைத் தொடாதீர்கள்.

இனி செலவு. புழக்கத்திலுள்ள இரண்டு வரிசையும் 200-ம் சேர்த்தால் முகமதிப்பே 560 மார்க், ஏறக்குறைய 286 யூரோ. டீலர் லாபம் அதற்கு மேல். எல்லாரும் இவ்வளவு போட வேண்டியதில்லை. 10, 20 இரண்டின் இரு வரிசைகளும் 60 மார்க்தான், 31 யூரோவுக்குள் அடங்கும். அதோடு விலக்கப்பட்ட 5 மார்க் ஜோடி. இந்த ஆறு நோட்டில் நாட்டின் கதை முழுவதும் வந்துவிடும். 100, 200 வாங்குவது பெருமைக்காகத்தான்.

மறைந்திருக்கும் சங்கடங்கள் மூன்று. ஒன்று, யூரோவோடு கட்டிய பணம் என்பதால் மதிப்பு நிலையாக இருக்கும், ஆனால் அந்தப் பகுதிக்கு வெளியே பணமாற்றுக் கடைகள் கேஎம்மைத் தொடத் தயங்கும். அவசரத்துக்கு விற்றுவிடலாம் என்று நம்ப வேண்டாம். இரண்டு, காப்பீடு செய்யாத சாதாரணக் கடிதத்தில் நோட்டோ நாணயமோ வைத்து அனுப்பக் கூடாது என்பது சர்வதேசத் தபால் விதி. "கார்டுக்குள் மறைத்து அனுப்புகிறேன்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்கினால், தொலைந்தால் கேட்க நாதியில்லை. மூன்று, இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு நாணயங்களை வரம்பில்லாமல் வைத்திருக்கலாம், ஆனால் வெளிநாட்டு நோட்டுகளுக்கு 2,000 டாலர் மதிப்பு என்ற வரம்பு உண்டு. போஸ்னியாவை மட்டும் சேர்த்தால் அதை எட்ட மாட்டீர்கள். பல நாட்டு நோட்டு வைத்திருப்பவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாம்ப்

ஒரு நாட்டுக்கு மூன்று தபால் துறை. சரயேவோவில் பிஹெச் போஷ்டா, மோஸ்டாரில் குரோவேட்டுகளின் ஹர்வாட்ஸ்கா போஷ்டா, பான்யா லூகாவில் போஷ்டே ஸ்ர்ப்ஸ்கே. மூன்றும் தனித்தனியே ஸ்டாம்ப் வெளியிடுகின்றன. ஜெர்மனியின் மிஷெல் ஸ்டாம்ப் கேட்டலாகே மூன்று பிரிவாகப் பட்டியல் போடுகிறது. நோட்டில் குரோவேட்டுகள் கூட்டமைப்பு வரிசைக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஷிமிச்சும் ஷோப்பும் அப்படி வந்தவர்களே. மூன்றாவது தரப்பைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்டாம்புக்குத்தான் வர வேண்டும். பிர்ச்கோவுக்கு மட்டும் இங்கும் தனி வெளியீடு இல்லை.

சிக்கலும் இதிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் மூன்று துறையும் புது வெளியீடு போட்டுக்கொண்டே இருக்கும், உங்கள் சேகரிப்பு ஒருநாளும் முடியாது. எல்லாவற்றையும் துரத்தினால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும். எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு. ஐரோப்பியத் தபால் துறைகள் ஆண்டுதோறும் ஒரே கருப்பொருளில் வெளியிடும் யூரோப்பா ஸ்டாம்புகளை மட்டும் எடுங்கள். ஒரே ஆண்டு, ஒரே தலைப்பு, ஒரே நாடு, மூன்று துறை: அந்தத் தலைப்புக்கு ஒவ்வொன்றும் எந்த ஊரை, எந்தக் கட்டடத்தை, எந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொழுது போவதே தெரியாது.

பழையது பிடிக்குமென்றால் ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சிக் காலம் இருக்கிறது. 1879-இல் வந்த முதல் ஸ்டாம்பில் நாட்டின் பெயர்கூட இல்லை, இரட்டைத் தலைக் கழுகும் எண்ணும் மட்டுமே. 1906-இல் வியன்னா ஓவியர் கோலோமான் மோசர் வடிவமைத்த இயற்கைக் காட்சி வரிசை மிக அழகு. அதே வரிசையில் ஓரத்துளை வகைகள் ஏராளம். அதில் இறங்கியவர்கள் திரும்பி வந்ததில்லை. புதியவர்கள் துளையை எண்ணாமல் படத்தை மட்டும் பார்த்து, ஒரு வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுப்புவதும் பெறுவதும் ஸ்டாம்பில்தான் எளிது, பதிவுத் தபாலில் நேரடியாக வந்துவிடும். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை: பசையோடு கூடிய மிண்ட் (பயன்படுத்தாத) ஸ்டாம்ப் மழைக்காலத்தில் ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியும் விழும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடும் பழக்கம் இல்லாதவர்கள் முத்திரை குத்திய ஸ்டாம்பை வாங்குவதே மேல்.

போர்க்காலக் காகிதம்

1992 முதல் 1995 வரையிலான பணத்தில் ஆவணத் தன்மை அதிகம். 1992-இல் வந்த போஸ்னிய தினார் நோட்டுகளில் மோஸ்டாரின் பழைய பாலமும் லில்லிச் சின்னமும் இருக்கும். 1993 நவம்பர் 9 அன்று குண்டுவீச்சில் அந்தப் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது (2004-இல் மறுபடி கட்டினார்கள்). மறுபக்கம், ஸ்ர்ப்ஸ்கா தினாரில் 1993-இன் பணவீக்கம் கோடிகளில் எண்ணாக ஓடும், அவற்றில் இருப்பவரும் கோச்சிச்தான். பின்னாளில் 100 மார்க்கில் வந்தவர் அவர். குரோவேட் பகுதிகளில் குரோவேஷியப் பணம் ஓடியது. எல்லாப் பக்கத்திலும் மக்கள் உண்மையில் நம்பியது ஜெர்மன் மார்க்கை.

அச்சடித்த நோட்டுகள் பல மலிவாகக் கிடைக்கும். ஆபத்து, பழைய யூகோஸ்லாவிய நோட்டின் மேல் ஊர் முத்திரை குத்தி வெளியிட்ட அவசர நோட்டுகளில். நோட்டு அசலாகவே இருக்கும், முத்திரை நேற்று குத்தியதாக இருக்கலாம். ரப்பர் ஸ்டாம்ப் செய்ய என்ன பெரிய செலவு? அனுபவமில்லாதவர்கள் முத்திரை நோட்டுப் பக்கம் போகவே வேண்டாம். அச்சு நோட்டோடு நிறுத்திக்கொண்டால் இது அருமையான துணைச் சேகரிப்பு.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாணயம் | நோட்டு | ஸ்டாம்ப் | போர்க்காலக் காகிதம் |
|---|---|---|---|---|
| காட்டும் நாடு | ஒன்று | இரண்டு | மூன்று | உடையும் நாடு |
| தொடக்கச் செலவு | 5 யூரோவுக்குள் | ஆறு நோட்டுக்கு 31 யூரோவுக்கு மேல், டீலர் லாபம் தனி | உங்கள் விருப்பம் | குறைவு |
| முடிக்க முடியுமா | ஒரே நாளில் | முடியும் | முடியாது | அச்சு நோட்டு மட்டும் எனில் ஓரளவு |
| மறைந்த செலவு | தபால் எடை | காப்பீட்டுத் தபால் | ஆண்டுதோறும் புது வெளியீடு | சரிபார்ப்பு |
| போலி | இல்லை எனலாம் | குறைவு | புதியதில் குறைவு | முத்திரை நோட்டில் அதிகம் |
| ஈரப்பதம் | கவலையில்லை | உறை தேவை | பெரும் தொல்லை | உறை தேவை |

யாருக்கு எது

பள்ளிப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் நாணயம். தொட்டுப் பார்க்கலாம், கீழே விழுந்தாலும் பாதகமில்லை, கொடியின் முக்கோணத்தைக் காட்டிக் கதை சொல்லலாம்.

அரசியலும் இலக்கியமும் பிடித்தவர், ஒரு முறை செலவழித்து முடித்துவிட வேண்டும் என்பவர் நோட்டு. ஒரு வரிசையை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். பாதிப் போஸ்னியாவை வைத்துக்கொண்டு முழுசு என்று நினைப்பதைவிட வாங்காமலே இருக்கலாம். 10 மார்க் ஒன்று போதும் என்றால் டிஸ்டாரையும் ஷான்டிச்சையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஓய்வு நேரம் நிறைய இருந்து, கடிதப் பரிமாற்றத்தில் ருசி உள்ளவருக்கு ஸ்டாம்ப். பிராந்திய அடையாளங்களை ஆராய்கிறவருக்கும் அதுவே. 2006, 2007-இல் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் கூட்டமைப்பின் கொடியையும் சின்னத்தையும், ஸ்ர்ப்ஸ்காவின் சின்னத்தையும் பழைய கீதத்தையும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த வெளியீடுகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது ஒரு நல்ல வேலை.

சரயேவோவுக்குப் போய்வரும் நண்பர் கிடைத்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் மாறிவிடும். டீலர் லாபமும் தபால் கூலியும் மிச்சம். அவரிடம் 60 மார்க் பணத்தைக் கொடுத்து "பத்தும் இருபதும், ஒவ்வொன்றிலும் இரண்டு முகம்" என்று எழுதிய துண்டுச் சீட்டையும் கொடுத்தனுப்புங்கள். சீட்டு இல்லாவிட்டால் நான்கு டிஸ்டாரோடு வந்து நிற்பார்.